கியோட்டோ சந்தில் கிடந்த பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஏதோ ஒரு பதிலின் நடுவே பெங்குவின் கஃபே ஆர்கெஸ்ட்ரா என்று ஓர் இசைக்குழுவின் பெயரையும், டெலிபோன் சத்தம், குப்பையில் கிடந்த ஆர்மோனியம் என்று இரண்டொரு விஷயத்தையும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப சந்தோஷம். இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை, பக்கம் முழுக்க அவர்கள்தான்.

கே: தேடிப்பிடித்துக் கேட்டேன். வயலின், செல்லோ இருக்கிறது, ஆனால் மேற்கத்தியக் கச்சேரி மாதிரி இல்லை. சின்னக் கிதார் மாதிரியான உக்குலேலே இருக்கிறது, பாப் மாதிரியும் இல்லை. யார் இவர்கள், இதை எந்த வகையில் சேர்ப்பது? – வாசகர், தஞ்சாவூர்

ப: யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சைமன் ஜெஃப்ஸ் என்பவர் 1949-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், கிளாசிக்கல் கிதார் முறையாகப் படித்தவர். படித்து முடித்த பிறகு அந்த உலகத்தின் கறார் அவருக்கு ஒத்துவரவில்லை. சரி, ராக் பக்கம் போகலாம் என்றால் அங்கேயும் கை கால் நீட்ட இடம் போதவில்லை. அப்புறம்தான் செல்லோ வாசிக்கும் ஹெலன் லீப்மன் போன்ற நண்பர்களோடு சேர்ந்து எழுபதுகளில் லண்டனில் இந்தக் குழுவைத் தொடங்கினார். வயலினுக்கு கேவின் ரைட், எலக்ட்ரிக் பியானோவுக்கு ஒலிப்பதிவாளரான ஸ்டீவ் நை. ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரைப் பார்த்துவிட்டு எண்பது பேர் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம், ஒரு வேனில் அடங்கிவிடும் கூட்டம்தான். ஆட்கள் வருவார்கள் போவார்கள், ஜெஃப்ஸும் ஹெலனும் மட்டும் கடைசிவரை இருந்தார்கள்.

முதல் இசைத்தட்டு 1976-ல் வந்தது. இங்கிலாந்து இசையமைப்பாளர் பிரையன் ஈனோ அப்போது அப்ஸ்க்யூர் என்ற பெயரில் ஒரு சின்ன வெளியீட்டு வரிசை நடத்திவந்தார், மொத்தமே 10 தட்டுகள், அதில் இது 7-வது. அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் கிராஃப்ட்வெர்க் குழுவுக்கு முன்னால் மேடையேறினார்கள். மின்னணுக் கருவிகளை மட்டுமே வைத்துக்கொண்டு வாசிக்கும் ஜெர்மானியர்களைக் கேட்க வந்த கூட்டம், அதற்கு முன்னால் செல்லோவும் வயலினும்! இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1978-ல் பங்க் பாடகர் சிட் விஷியஸ் ஒரு பழைய மெல்லிசைப் பாட்டைக் கத்திப் பாடிப் பதிவு செய்தாரே, அதற்குப் பின்னால் கேட்கும் தந்தி வாத்தியப் பகுதியை அமைத்துக் கொடுத்தவரும் இதே ஜெஃப்ஸ்தான்.

வகைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் அறை இசை என்பேன். நாலைந்து பேர் ஒரு கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் வாசிப்பதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டபடி சேர்ந்துகொள்வது, அந்த உட்காரும் முறை மேற்கத்திய செவ்வியலில் இருந்து வந்தது. வாசிக்கும் விஷயம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். வெனிசுவேலாவின் குவாத்ரோ என்ற நான்கு தந்திக் கருவி வரும், ஜிம்பாப்வே மெட்டு வரும், டெலிபோன்கூட வரும்.

கே: பெங்குவினுக்கும் இசைக்கும் என்ன சம்பந்தம்? – வாசகி, சேலம்

ப: கெட்டுப்போன மீன்தான் சம்பந்தம். 1972-ல் தெற்கு பிரான்ஸில் இருந்தபோது ஜெஃப்ஸ் சாப்பிட்ட மீன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சலில் படுத்துவிட்டார். கண்ணை மூடினால் திரும்பத் திரும்ப ஒரே காட்சி. பெரிய கான்கிரீட் கட்டடம், அறை அறையாக மனிதர்கள். ஒருவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு ஜோடி சத்தமே இல்லாமல் காதல் செய்கிறது, இன்னொருவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கருவிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார், எல்லாரையும் ஒரு மின்னணுக் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒருவருக்கும் இன்னொருவரோடு பேச்சில்லை. உடம்பு தேறிக் கடற்கரையில் கிடந்தபோது ஒரு கவிதை தானாக வந்ததாம், பெங்குவின் கஃபேயின் முதலாளி நான், மனம்போன போக்கில் உனக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன் என்ற பொருளில். நம் வாழ்க்கையில் தற்செயலுக்கும் எதிர்பாராததற்கும் இருக்கும் மதிப்பைப் பற்றிப் பேசிய கவிதை அது. அந்தக் கான்கிரீட் கட்டடத்தில் இல்லாத எல்லாமும் இந்தக் கஃபேயில் உண்டு, அங்கே வாசிக்கும் குழு இது. 1972-ல் அவர் கற்பனை செய்த அந்த ஹெட்போன் மனிதர் இன்று நம் பேருந்து முழுக்க உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு அடிக்கடி தோன்றும்.

கே: நான் முப்பது வருடமாக வீணை சொல்லிக்கொடுப்பவள். நீங்கள் சொன்னீர்களே என்று 'டெலிபோனும் ரப்பர் பேண்டும்' என்ற பொருள்படும் உருப்படியைக் கேட்டேன். மன்னிக்கவும், இது விளையாட்டு, இசையில் சேர்த்தி இல்லை. – வாசகி, மயிலாப்பூர்

ப: அம்மா, கோபித்துக்கொண்டாலும் கடைசிவரை கேட்டிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. அது உருவான விதத்தைச் சொல்கிறேன், பிறகு இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஜெஃப்ஸ் யாருக்கோ போன் செய்திருக்கிறார். லைனில் ஏதோ கோளாறு, மணி அடிக்கும் சத்தமும் 'என்கேஜ்டு' சத்தமும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. நாமாக இருந்தால் வைத்துவிட்டு மறுபடி சுழற்றியிருப்போம். அவர் அதை டேப்பில் பிடித்து, வட்டமாக ஒட்டிச் சுழலவிட்டார். 1981-ல் வந்த தட்டில் இருப்பது அதுதான்.

இப்போது மற்றவர்கள் செய்வதைக் கவனியுங்கள். டேப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, அது யாருக்காகவும் நிற்காது, வேகம் குறைக்காது, சங்கதி போடாது. மணி இரண்டிரண்டாக ஒலிக்கிறது, என்கேஜ்டு சத்தம் ஒற்றையாக அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டினால் வரும் அந்தத் தொய்ந்த சத்தம் கீழே நின்று கிட்டத்தட்ட ஒரு பாஸ் கிதார் வேலையைப் பார்க்கிறது. இவற்றின் மேல் தந்தி வாத்தியங்கள் வந்து உட்காரும் இடத்தில் ஒரு பிசிறு இல்லை. தம்பூராவை மீட்டிவிட்டு அதற்குள் போய்ச் சேரும்போது நீங்கள் எடுத்துக்கொள்ளும் அதே கவனம்தான். கோளாறு தற்செயலாக வந்தது, வாசிப்பு அப்படி வரவில்லை. வருடக்கணக்கில் சாதகம் செய்த கைகள் அவை.

இன்னொன்று, தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களைத் தட்டி ஜலதரங்கம் வாசித்தவர்கள் நாம். மானாமதுரை மண்ணில் வனைந்த பானையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் சபா மேடையில் தனி ஆவர்த்தனம் வாசித்தால் யாரும் அதை விளையாட்டு என்று சொல்வதில்லை, கண்ணை மூடித் தலையாட்டுகிறோம். பானைக்குக் கிடைத்த இடம் டெலிபோனுக்கும் கிடைக்கலாம் என்பது என் கட்சி. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் சரிதான், ஆனால் விளையாட்டு என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

உங்களுக்கென்றே இன்னொரு விஷயம் வைத்திருக்கிறேன். 1992-ல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் இறந்தபோது ஜெஃப்ஸ் ஓர் அஞ்சலி எழுதினார், 1993-ல் வந்த 'யூனியன் கஃபே' தட்டில் இருக்கிறது, 'கேஜ் டெட்' என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் எட்டு எழுத்துகளும் ஸ்வரங்களின் பெயர்கள்: சி, ஏ, ஜி, ஈ, டி, ஈ, ஏ, டி. அந்த எழுத்துகளையே ஸ்வரங்களாக வாசித்துவிட்டார். சி-யை ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள்: ச த ப க ரி க த ரி. ஷட்ஜம், சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், ஐந்தும் மோகன ராகத்தின் ஸ்வரங்கள்! அதனாலேயே ராகம் ஆகிவிடாது, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் கிடையாது, ராகத்துக்கே உரிய பிடிகள் கிடையாது, தெரியும். ஆனாலும் ஒரு மனிதர் இறந்த செய்தியை அப்படியே எழுத்துக்கூட்டினால் மோகனத்தின் ஐந்து ஸ்வரம் வந்து நிற்கிறது என்பதை முதல்முறை வீணையில் தடவிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கே: மிருதங்கம் கற்கிறேன், எட்டாவது வருடம். 'பெர்பெச்சுவம் மொபிலே' கேட்டுக்கொண்டே ஆதி தாளம் போட்டேன், உதைக்கிறது. என்ன தாளம் அது? – வாசகர், திருச்சி

ப: உதைக்கத்தான் செய்யும். 1987-ல் வந்த 'சைன்ஸ் ஆஃப் லைஃப்' தட்டில் உள்ள உருப்படி அது. பியானோவில் திரும்பத் திரும்ப வருகிறதே அந்த வாக்கியம், அதற்கு 15 எண்ணிக்கை. நீங்கள் 8 வைத்துப் போடுகிறீர்கள். தாளம் ஒரு முறை முழுதாக முடிவது ஓர் ஆவர்த்தனம், இரண்டு ஆவர்த்தனத்துக்கு 16, வாக்கியம் 15-லேயே முடிந்து அடுத்தது தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று ஒன்றாக முந்திக்கொண்டே போகும். விடாமல் போட்டுக்கொண்டே இருந்தீர்களானால் எட்டுச் சுற்று முடிந்து, உங்கள் கணக்கில் 15 ஆவர்த்தனம் ஆனதும், டக்கென்று சமத்தில், அதாவது தாளத்தின் தொடக்க அடியில், வந்து சேரும். அந்த இடம் வரும்வரை கையை நிறுத்தாமல் இருப்பது பெரிய பயிற்சி, எனக்கு மூன்று நாள் பிடித்தது.

கர்நாடக இசையின் சூளாதி ஏழு தாளத்தின் 35 வகையையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள், 14 உண்டு, 16 உண்டு, 17 உண்டு, 15 அட்சரம் (எண்ணிக்கை) கொண்டது ஒன்றுகூடக் கிடையாது. மூன்று அடிக்கு, ஒவ்வொரு அடியையும் ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடை என்று வைத்தால் 15 மாத்திரை வரும், கணக்கு சரியாக இருக்கும், ஆனால் என் காதுக்கு அது ஐந்தைந்தாகப் பிரிந்து கேட்கவில்லை, நாலு நாலு நாலு மூன்று என்றுதான் கேட்கிறது. அந்தக் கடைசி மூன்றில்தான் விஷயமே இருக்கிறது. காலை வைக்கப் போகும்போது படி கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுகிற மாதிரி, ஆனால் விழுவதில்லை, அந்த வேகத்திலேயே அடுத்த படிக்குப் போய்விடுகிறோம். பியானோ தனியாகத் தொடங்கித் தந்திகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து நிரம்பும்போது எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பிறகு உங்கள் ஆசிரியரிடம் போட்டுக் காட்டுங்கள், அவர் என்ன பிரிப்பு சொல்கிறார் என்று எழுதுங்கள்.

கே: என் அப்பா புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்குப் பெட்டி வாசித்தவர். அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, பெட்டி பரணில் இருக்கிறது. இந்தக் குழு ஒரு ஆர்மோனியத்தைக் குப்பையில் இருந்து எடுத்து வாசித்ததாகச் சொன்னீர்கள், அந்தக் கதை வேண்டும். – வாசகி, மதுரை

ப: குழுவின் முதல் ஜப்பான் பயணம் முடிந்து 1982 கோடையில் ஜெஃப்ஸ் கியோட்டோவில் தங்கியிருந்தார். ஒரு சந்தில் யாரோ வேண்டாம் என்று போட்டுவிட்ட ஆர்மோனியம் கிடந்தது. அதை எடுத்துவந்து ஒரு நண்பர் வீட்டில் வைத்தார், நகரத்தின் ஓரத்தில் அழகான பகுதியில் இருந்த வீடு அது. அடுத்த சில மாதங்கள் அந்தப் பெட்டியைப் பார்ப்பதற்கென்றே அங்கே போய்வந்துகொண்டிருந்தார், உறவுக்காரரைப் பார்க்கப் போகிற மாதிரி. அப்படிப் பிறந்த மெட்டுக்குக் 'கண்டெடுத்த ஆர்மோனியத்துக்கான இசை' என்று பொருள் வரும் பெயரை வைத்தார், 1984 தட்டில் வந்தது. சின்ன மெட்டுதான். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும், ஒவ்வொரு சுற்றிலும் பெட்டி மூச்சு வாங்குவது கேட்கும். அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். அயர்லாந்தின் நாட்டார் இசைக் கலைஞர்கள், பேட்ரிக் ஸ்ட்ரீட் குழு மாதிரியானவர்கள், அதை எடுத்து ரீல் என்ற துள்ளலான நாட்டார் ஆட்டத்துக்கான வேகத்தில் ஃபிடிலிலும் அக்கார்டியனிலும் வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்று அதை ஐரிஷ் மெட்டு என்றே நினைத்துக் கேட்பவர்கள் நிறையப் பேர். ஜப்பானில் ஓர் இங்கிலாந்துக்காரர் தெருவில் எடுத்த பெட்டி, அயர்லாந்து கிராமத்து ஆட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது.

உங்கள் அப்பாவின் பெட்டிக்கும் இங்கே தள்ளிவைக்கப்பட்ட வரலாறு உண்டு. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது, கமகம் பேசாது, சுருதி நம் இசைக்கு ஒத்துவராது என்று காரணம். 1971-ல்தான் அது தளர்ந்தது. அந்த முப்பது வருடமும் நாடகக் கொட்டகையில் விடிய விடியப் பாடிக்கொண்டே பெட்டி வாசித்தவர்களுக்கு ரேடியோ நிலையத்தில் அந்தப் பெட்டியோடு நுழைய இடமில்லை. இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது. தயவுசெய்து பெட்டியைப் பரணில் இருந்து இறக்குங்கள். துருத்தித் தோல் கிழிந்திருக்கும், உள்ளே ஒலி எழுப்பும் பித்தளை நாக்குகள் சிலவற்றில் களிம்பு ஏறியிருக்கும், இரண்டையும் சரிசெய்கிற கைகள் மதுரையிலேயே இருக்கின்றன, கோயிலைச் சுற்றியுள்ள வாத்தியக் கடைகளில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

கே: வெள்ளைக்காரர்கள் ஆப்பிரிக்க மெட்டை எடுத்துத் தங்கள் தட்டில் போட்டுக்கொள்வது திருட்டு இல்லையா? நீங்கள் இதைப் பற்றிப் பேசவே இல்லை. – வாசகர், கோவை

ப: பேசியிருக்க வேண்டும், சரிதான். 1981 தட்டில் ஓர் உருப்படி, பெயரின் பொருள் 'தற்காலிகக் குடிசைக்குக் கிளை வெட்டுதல்'. ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் வழிவழியாக வாசிக்கும் 'நெமமுசாசா' என்ற மெட்டு அது. பலகையில் பதித்த இரும்பு நாக்குகளைக் கட்டைவிரலால் சுண்டி வாசிக்கும் ம்பிரா என்ற கருவிக்கு உரியது. ஷோனா மொழிப் பெயரை அப்படியே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள், சொந்தப் பெயர் சூட்டி மறைத்துவிடவில்லை. அதனால் திருட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயர் ஒரு மொழிபெயர்ப்பு என்று அட்டையைப் பார்க்கிற எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே ரொம்ப காலம் தெரியாது, ஜெஃப்ஸின் கற்பனைப் பெயர்களில் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்த பிறகு ம்பிராவில் வாசித்ததைத் தேடிக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்ட பிறகு ஜெஃப்ஸின் வடிவம் கொஞ்சம் வெளிறிப்போய்த்தான் தெரிந்தது. இரண்டு பேர் ம்பிரா வாசிக்கும்போது ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் விரல் விழுகிறது, இரண்டு பேரும் வாசிக்காத மூன்றாவது மெட்டு ஒன்று காற்றில் கேட்கிறது. முதலில் அதைக் கேளுங்கள், பிறகு இதற்கு வாருங்கள்.

கே: ஜெஃப்ஸ் இப்போது இருக்கிறாரா? பெங்குவின் கஃபே என்று மட்டும் ஒரு குழு இருக்கிறதே, அது வேறா? – வாசகர், யாழ்ப்பாணம்

ப: இல்லை. 1997 டிசம்பரில் மூளைக்கட்டியால் காலமானார், வயது 48. பத்து வருடம் கழித்து 2007-ல் லண்டன் யூனியன் சேப்பலில் பழைய கலைஞர்கள் கூடி நினைவுக் கச்சேரி செய்தார்கள், மகன் ஆர்தர் ஜெஃப்ஸும் அவர்களோடு வாசித்தார். 2009-ல் ஆர்தர் முழுக்கப் புதிய ஆட்களோடு தொடங்கியதுதான் பெங்குவின் கஃபே. பழையவர்களில் சிலர் வேறு பெயரில் தனியாக வாசித்தார்கள். யாருக்கு உரிமை என்ற பேச்சு இப்படிப்பட்ட இடங்களில் வரத்தான் செய்யும், நம் ஊரில் பாணி பற்றி நடக்காத சண்டையா. நான் ஆர்தர் பக்கம். பெயரில் இருந்து 'ஆர்கெஸ்ட்ரா'வை எடுத்துவிட்டார், அப்பாவின் உருப்படிகளை வாசிக்கிறார், கூடவே தன்னுடையதை எழுதுகிறார். 2011 தொடங்கித் தட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன, 2017-ல் வந்த 'தி இம்பெர்ஃபெக்ட் சீ' எனக்குப் பிடித்தது. அப்பாவிடம் இருந்த குறும்பு இவரிடம் குறைவு, அமைதி அதிகம்.

கே: ஒன்பது வயது மகன். சாப்பிட உட்கார்ந்தால் டம்ளரைத் தட்டிக்கொண்டே இருக்கிறான், கிரைண்டர் ஓடினால் பக்கத்தில் போய்க் காதை வைக்கிறான், என் போனில் குக்கர் விசில் மட்டும் பதினான்கு ரெக்கார்டிங் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் திட்டுகிறார்கள். கீபோர்டு வகுப்பில் சேர்க்கலாமா? – வாசகி, ஈரோடு

ப: வகுப்பில் சேருங்கள், கீபோர்டுதான் வேண்டும் என்றில்லை, அவன் கை எதன் மேல் போகிறது என்று பார்த்துச் சேருங்கள். ஆனால் அந்தப் பதினான்கு ரெக்கார்டிங்கை அழித்துவிடாதீர்கள். போனில் ஒரு சுருதிப்பெட்டி ஆப் இறக்கிக் கொடுங்கள். கிரைண்டர் ஓடும்போது அதைப் பக்கத்தில் வைத்து சுருதியை ஒவ்வொரு கட்டையாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், ஏதாவது ஒரு இடத்தில் இரண்டு சத்தமும் ஒட்டிக்கொள்ளும், அவனுக்கே தெரியும். அரிசி போட்டால் ஒன்று, உளுந்து பொங்கி வரும்போது வேறொன்றாக இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். என்ன கட்டை என்று கண்டுபிடித்ததும் அவன் கையாலேயே எனக்கு ஒரு கார்டு போடச் சொல்லுங்கள்.